முப்பத்தைந்துக்கு உட்பட்டவர்

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில்
என் வயது இடறியது.

கமநல சேவை நிலையத்தில் மின்விசிறி
கழுத்துச் சுளுக்கோடு சுற்றிக்கொண்டிருந்தது.
"முப்பத்தைந்துக்கு உட்பட்டவராய் இருக்கவேணும் அக்கா"
என்றாள் அபிஷாயினி.
போன மாரியில் என் வெங்காயத்தின் இலைச்சுருளை
போனில் படம்பிடித்துக்கொண்டு போனவள்.
எனக்கு முப்பத்தாறும் ஐந்து மாதமும்.
மோட்டருக்கும் தூவற்குழாய்க்கும் அரைவாசிக் காசு.
பதினேழு மாதத்தால் தவறவிட்டிருந்தேன்,
காரைநகர் பஸ்ஸைத் தவறவிடுவதுபோல.

"கூட்டாய்ப் பதியலாம். குடும்பத்துக்குள்ளேயே.
ஒருவர் இளையவர் எண்டால் காணும்.
பாதிக்கு மேல பங்கு அவருக்கு இருக்கவேணும்."

பங்காளி.
குப்பிழானில் அந்தச் சொல்லுக்கு
இரவோடிரவாய் ஒரு சாண் நகர்ந்த கதியால் என்று அர்த்தம்.
பங்குக் கிணற்றில் முறைமாறி இறைத்த தண்ணீர்,
மல்லாகம் கோட்டில் பதினொரு வருசம்.
அந்தச் சொல்லுக்கு நேரே
என் புருசனின் பெயரை எழுதினேன்.

நிருபராஜ் லொறி ஓடுகிறவர்.
என் பீற்றூட்டைத் தம்புள்ளைக்கு ஏற்றிப்போவார்.
எந்தத் தறையில் கிண்டியது என்று கேட்டால்
தலையைச் சொறிவார்.
அவருக்கு முப்பத்தொன்று.

கரவெட்டிப் பக்கத்துச் சொந்தங்களுக்கு
நாங்கள் இன்னும் ஒரே வயது.
கலியாணத்துக்கு முதல் மாமி
என் ஐந்து வருசத்தை
விதை வெங்காயத்தின் காய்ந்த தாள்போல
நுள்ளி எறிந்திருந்தா.
அல்பத்திலும் அழைப்பிதழிலும் பத்திரமாயிருந்த பொய்
இப்போது இரண்டு பிறப்பத்தாட்சிப் பத்திரங்களாய்
மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தது.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
அபிஷாயினி இரண்டையும் கிளிப்பால் சேர்த்துக் குத்தினாள்.

நொத்தாரிசு வீட்டில் இரண்டு மணித்தியாலம்.
ஆறு பரப்பு, மூன்றேகால் குழி,
கிணற்றில் நாலிலொரு பங்கு, வழி வாய்க்கால் உரித்து:
எல்லாம் சீதன உறுதியில் என் பெயரில்.
அதை விற்பதென்றால்
தேசவழமைப்படி அவர் ஒப்பமிட வேணும்.
அதில் நடுவதற்கு இன்றுவரை
ஒருத்தரும் ஒப்பம் கேட்டதில்லை.
காணி என்னோடு; கூட்டுக்குப் பத்து வருசக் குத்தகை.
அவருக்கு ஐம்பத்தொன்று, எனக்கு நாற்பத்தொன்பது.
அந்த இரண்டு வீதத்தை வாயில் போட்டுப் பார்த்தேன்,
நெரிந்தது, கல் மாதிரி.
பிறகு ஏழாவது வாசகத்தை நானே சொல்லி எழுதுவித்தேன்:
எதை, எப்போது, எவ்வளவு நடுவதென்பது
இரண்டாம் பங்காளரின் முடிவு.
நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
நிருபராஜ் வாசிக்காமலே ஒப்பமிட்டார்.
"நீதானே செய்யிறனி" என்றார்.
வாசித்துவிட்டு இட்டிருந்தால்
இன்னும் சந்தோசப்பட்டிருப்பேன்.

பரிசோதனைக்கு வந்த பெரியவர்
வரம்பில் சப்பாத்துக் காலோடு நின்று
முதன்மைக் கமக்காரரைக் கேட்டார்:
"தம்பி, கன்றுக்குக் கன்று எவ்வளவு இடைவெளி?"
முதன்மைக் கமக்காரர் என்னைப் பார்த்தார்.
பெரியவரின் முதுகுக்குப் பின்னால்
நான் நாலு விரலை உயர்த்தினேன்.
"நாலடி" என்றார்.
அபிஷாயினிக்கு இருமல் வந்தது,
நிற்கக் கொஞ்சநேரம் எடுத்தது.

காசு வந்ததா என்று கேட்பீர்கள்.
முதல் தவணை வந்தது. இரண்டாவதற்கு
இன்னுமொரு படிவம் இருக்கிறதாம்.

நேற்று மாமி தொலைபேசியில்
கரவெட்டி மச்சாளுக்குச் சொல்வது கேட்டது:
"இவன் அவளைவிட அஞ்சு வயசு இளமையெல்லே,
அதாலதான் கிடைச்சது."
குரலில் ஒரு கூச்சமும் இல்லை.

விடிய நாலு மணிக்கு மோட்டர்ச் சத்தம்.
நான் எழும்பவில்லை.
செம்மண்ணில் குழாயை இழுத்து இழுத்து மாற்றுகிறார்
ஐம்பத்தொரு வீதம்.
மேற்குப் பாத்திக்கு இன்று தண்ணீர் வேண்டாம் என்று
இரவே சொல்லியிருந்தேன்.
அங்கேதான் முதலில் விழுகிறது,
சத்தத்திலேயே தெரிகிறது.